நம்பர் குத்திய சரக்கு

ஆம்பூர்
19-1-1987

மனோரமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் இரண்டும் பொய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். டிரங்க் கால் போட்டால் என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிப்பதாக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

பொங்கலுக்குப் புதுக் கம்ப்யூட்டர் இறக்கியிருக்கிறேன். நீ உட்கார்ந்திருந்த பழைய மெஷினின் டிரைவ் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. சரி, புதுசில் உன் 'ஜோடி' புரோகிராமைப் போட்டு ஓட்டலாம் என்று பார்த்தால் திறக்கவே இல்லை. டைப்பிஸ்ட் விஜயகுமாரி சொல்கிறாள்: "சார், டிஸ்கை உள்ளே போட்டுட்டுத்தான் கேக்கறேன். ஒண்ணுமே இல்லைன்னு சாதிக்குது சார்." மெட்ராஸ் டீலரைக் கேட்டால், "எழுதினவங்களையே கேளுங்க" என்கிறான். எழுதினவள் நீ. போகும்போது ஏதோ பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதுதான் என் முடிவு.

மார்ச் நடுவில் ஹாம்பர்க் பார்ட்டியின் ஆள் வருகிறான். போன வருஷம் அவன் எதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தான் என்பது உனக்குத் தெரியும். எந்தத் தோலை எந்தத் தோலோடு சேர்த்து வெட்டினால் இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் ஒன்று போல இருக்கும் என்று ஜோடி அடித்துக் கொடுத்ததே, அந்தத் தாளைப் பார்த்துத்தான். இந்த வருஷம் தாள் இல்லை என்றால் ஆர்டர் வாணியம்பாடிக்குப் போய்விடும். மாதனூரில் இருந்து பஸ்ஸில் வருகிற பெண்களை வீட்டிலேயே இருக்கச் சொல்ல வேண்டியதுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை கம்பெனி லீவு. ரயில் பிடித்து வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் போ. போக வரச் செலவு தருகிறேன்.

செங்கல்வராயன்


பெங்களூர்
24-1-1987

சித்தப்பாவுக்கு,

நான் பூட்டுப் போடவில்லை. பூட்டும் சாவியும் உங்கள் பழக்கம்.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். ஒரு ஷெட்டில் கூலிக்காரர்களிடம் நீங்கள் நேராகப் பேச மாட்டீர்கள். மேஸ்திரியிடம் சொல்வீர்கள், அவர் சொல்லி வேலை நடக்கும். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு மேஸ்திரி உண்டு. பழைய மெஷினில் இருந்த மேஸ்திரியின் பெயர் சி.பி.எம். ஜோடியை நான் அவருக்காக எழுதினேன். நீங்கள் வாங்கியிருப்பதில் இருக்கிறவர் டாஸ். இவருக்கு ஜோடி பேசுவதில் ஒரு வார்த்தை புரியாது. டிஸ்கில் எழுதும் முறைகூட வேறு. அதனால்தான் விஜயகுமாரியிடம் ஒன்றுமே இல்லை என்று சாதிக்கிறது. வாங்குவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் வர மாட்டேன். செப்டம்பரில் அந்தக் கேட்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். மூன்று வருஷம் வேலை செய்த பிறகு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கேட்டேன். "வீட்டுப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு ஆர்டர்" என்றீர்கள். சரி என்று கிளம்பினேன். தோல் துண்டு திருடுகிறார்களா என்று சாயங்காலம் பார்ப்பார்களே, அந்த வரிசையில் என்னையும் நிறுத்தி, வாட்ச்மேன் பஞ்சாட்சரத்தை விட்டு என் பையைத் திறக்கச் சொன்னீர்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தார். நான் எழுதிய ஐந்து டிஸ்குகளை என் துணிமணிக்கு அடியில் இருந்து எடுத்தீர்கள்.

இங்கே இப்போதைக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஆபீசில் தற்காலிகமாக டைப் அடிக்கிறேன். ஒரு பெரிய கம்பெனியில் எனக்கு வேலை தரத் தயாராக இருக்கிறார்கள். மூன்று வருஷ அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அந்தச் சர்டிபிகேட் வந்தால் ஜோடி ஓடும். வராவிட்டால் ஓடாது.

மனோரமா


ஆம்பூர்
28-1-1987

மனோரமாவுக்கு,

மேஸ்திரி கதை நன்றாக இருந்தது. நான் மேஸ்திரிகளை மாற்றாத ஆளா? மக்பூல் அகமது போய் தானியேல் வந்தான். ஒரு வாரம் முறைத்துக்கொண்டார்கள், எட்டாம் நாள் வேலை நடந்தது. ஆட்டுத் தோலுக்குப் போட்ட டிரம்மில் மாட்டுத் தோலைப் போட்டால் உருளாதா? கொஞ்சம் கனமாக உருளும். மெஷினும் அப்படித்தான். நீ செய்கிற பந்தா அது.

நீ இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று நினைக்காதே. ராணிப்பேட்டையில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துகிறவரைக் கார் அனுப்பிக் கூட்டி வந்தேன். சட்டைப் பையில் நாலு பேனா. காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, "இது சி.பி.எம். ஆச்சே, கஷ்டம் சார்" என்று சத்தமாகச் சொன்னார். வாசலில் நின்றிருந்த யூனியன் கோவிந்தராஜ் உடனே உள்ளே வந்து, "இன்னா சார், எங்க பேரு அடிபடுது?" என்கிறான். அவனுக்குச் சமாதானம் சொல்லி அனுப்புவதற்குள் எனக்குப் பேஜாராகிவிட்டது. நாலு பேனாக்காரர் சாயங்காலமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். மெஷின் அப்படியேதான் இருக்கிறது.

சர்டிபிகேட் கிடையாது. அண்ணன் போன பிறகு உன்னை பி.எஸ்சி. வரை படிக்க வைத்தது யார்? உன் சித்தி பூரணி இருபது வருஷமாக எனக்குச் சமைக்கிறாள். நாளைக்கு அவளும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேட்டால் நான் என்ன செய்வது? அதோடு, நீ வேலை பார்த்தாய் என்று எழுதிக் கொடுத்தால் பி.எஃப். ஆபீசர் வந்து அந்த மூன்று வருஷத்துக்கு என்னைப் பிடிப்பான். நான் இன்னா அவ்வளவு விவரம் கெட்டவனா?

செங்கல்வராயன்


பெங்களூர்
3-2-1987

சித்தப்பாவுக்கு,

சித்தி கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள். உங்களோடு இருபது வருஷம் தாக்குப்பிடித்த அனுபவம் எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது.

மார்ச் நெருங்குகிறது. வாதம் செய்ய உங்களுக்கும் நேரம் இல்லை, எனக்கும் இல்லை. என் பையில் இருந்து எடுத்த ஐந்து டிஸ்குகளில் ஜோடியின் மூலம் இருக்கிறது, நான் எழுதிய எழுத்து அப்படியே. அதைப் படித்துத் திருத்தி, டாஸ் மேஸ்திரிக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுத என்னால் முடியும். இங்கே பழைய மெஷின் ஒன்றும் இருக்கிறது. இரண்டு வாரம் போதும்.

ஐந்தையும் அனுப்புங்கள். சர்டிபிகேட்டும் கூடவே வர வேண்டும்.

மனோரமா


ஆம்பூர்
7-2-1987

மனோரமாவுக்கு,

ஐந்து டிஸ்குகளும் பார்சலில் வருகின்றன. சர்டிபிகேட் வராது. ஜோடி என் மேஜை மேல் ஓடட்டும், பிறகு பார்க்கலாம்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். நல்லதை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது டிஸ்கைத் திருப்பி அனுப்பலாம் என்று கணக்குப் போடாதே. என்னிடம் இருந்து வெளியே போகிற எந்தச் சரக்கும் நம்பர் இல்லாமல் போகாது. ஐந்திலும் 1147 குத்தியிருக்கிறேன். ஆளை விட்டுக் குத்தவில்லை. நானே இரும்பை வைத்து, தோலில் குத்துகிற மாதிரி விளிம்பின் நடுவில், ஒரே அடியாகக் குத்தினேன். சுண்ணாம்பில் ஊறினாலும் அழியாது. திரும்பி வரும்போது நம்பர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன்.

செங்கல்வராயன்


பெங்களூர்
11-2-1987

பூரணி லெதர்ஸ் முதலாளி அவர்களுக்கு,

இனிமேல் உங்களை என்ன முறை சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை.

பார்சலை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். முதல் டிஸ்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பக்கத்து மேஜைக்காரர், "என்னங்க இது, தையல் மெஷினுக்கு வந்ததா?" என்று கேட்டார். ஐந்தையும் வரிசையாக வைத்தேன். ஐந்திலும் நான்கு இலக்க ஓட்டை. ஜன்னல் கம்பி தெரிகிறது.

அந்த உறை சதுரம். உள்ளே இருக்கிற தகடு வட்டம். மூலையில் குத்தியிருந்தால் வெறும் உறையோடு போயிருக்கும். நீங்கள் விளிம்பின் நடுவில், வட்டத்தின் ஓரத்தில் குத்தியிருக்கிறீர்கள். எது எங்கே இருக்கிறது என்கிற விவரம் எல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். மூன்று வருஷ எழுத்து ஐந்து அடியில் போய்விட்டது. டிரைவில் போட்டால் தகடு சுற்றுவதற்குள் கிழிகிறது. இன்னொரு பிரதி எடுத்து வைக்க டிஸ்க் கேட்டபோது, "இருக்கறதை அழிச்சுட்டு எழுது, கம்பெனி இன்னா மரத்துலயா காய்க்குது" என்றீர்கள். அதனால் ஆறாவது கிடையாது.

அழுதேனா என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.

இப்போது உங்களிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. பழைய மெஷினின் டிரைவில் இருக்கிற, தினமும் ஓடுகிற டிஸ்க். அதில் மூலம் இல்லை. மெஷின் மட்டுமே படிக்கிற எழுத்து இருக்கிறது. நான் படிக்கவோ திருத்தவோ முடியாது. அப்படியே எடுத்து, புது மெஷினை ஏமாற்றி ஓட்டினால்தான் உண்டு. அதற்கு வழி இருக்கிறது. என்ன வழி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த டிஸ்கை நீங்கள் தொடாதீர்கள். எடுக்காதீர்கள், பூட்டி வைக்காதீர்கள், குத்தாதீர்கள். இரண்டு மெஷினையும் இணைக்க ஒரு கேபிள் அனுப்புகிறேன். என்ன அடிக்க வேண்டும் என்று விஜயகுமாரிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் ஜோடியைப் பழசில் இருந்து புதுசுக்குக் கடத்தட்டும். கடத்தியதை ஒரு புது டிஸ்கில் போட்டு எனக்கு அனுப்புங்கள். என் கையில் அது இருந்தால்தான் நான் செய்கிற வேலை சரியா என்று சோதிக்க முடியும். குத்தாமல் கை நிற்காது என்றால் மூலையில் குத்துங்கள்.

சர்டிபிகேட்டில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்கிறபடி எழுத வேண்டும்: "ஜோடி என்கிற புரோகிராமை மனோரமாவே சொந்தமாக யோசித்து, முழுக்க எழுதினார்." இதில் ஒரு வார்த்தை குறையக் கூடாது.

மனோரமா


ஆம்பூர்
16-2-1987

மனோரமாவுக்கு,

கேபிள் வந்தது. பழைய மெஷின் நடுவில் இரண்டு தடவை நின்றது. விஜயகுமாரி அதன் தலையில் தட்டி, "இன்னும் கொஞ்ச நேரம் இரு தாயே, அப்புறம் நிம்மதியா போய்ச் சேரு" என்று பேசிக்கொண்டே வேலையை முடித்தாள். டிஸ்க் இத்துடன் வருகிறது. மூலையில் குத்தியிருக்கிறேன்.

ஐந்து டிஸ்க் போனதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஏன் குத்துகிறேன் என்று மட்டும் சொல்கிறேன். நாட்றம்பள்ளிச் சந்தையில் சைக்கிளில் தோல் வாங்கி விற்ற காலம். முதல் தடவையாகக் கடன் வாங்கி ஒரு லாட் நல்ல ஆட்டுத் தோல் எடுத்து, பதம் செய்து கொடுக்கச் சொல்லி ஒரு ஷெட்டில் கொடுத்தேன். திரும்பி வந்தது என் தோல் இல்லை. பூச்சி தின்ற தோல். "இதுதான் நீ குடுத்தது" என்றான். என் தோல்தான் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நாலு பேர் நடுவில் என்னைப் பொய்யன் ஆக்கினான். அந்த லாட்டின் சந்தைச் சீட்டு நம்பர் 1147. அன்றில் இருந்து அந்த நம்பரைக் குத்துகிறேன். பேரணாம்பட்டில் இருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்த ஷெட்டுக்காரனைக் கேட்டாலும் அது யார் நம்பர் என்று சொல்லுவான். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தோல் மாறவில்லை. உன் டிஸ்க் மட்டும் தோல் இல்லாமல் போனது என் குற்றமா?

நீ சொன்ன வாசகத்தை லெட்டர்ஹெட்டில் சர்டிபிகேட்டாக டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள். கையெழுத்துப் போடவில்லை. ஓடட்டும், போடுகிறேன்.

செங்கல்வராயன்


பெங்களூர்
2-3-1987

பூரணி லெதர்ஸ் முதலாளி அவர்களுக்கு,

நீங்கள் யாரோ ஒருவனிடம் ஏமாந்ததற்கு நான் மூன்று வருஷ எழுத்தைக் கொடுத்திருக்கிறேன். கணக்கு எப்படி இருக்கிறது பாருங்கள்.

வழியைச் சொல்கிறேன். ஜப்பான்காரர்கள் ஒரு சிப் செய்திருக்கிறார்கள். உங்கள் புது மெஷினின் மூளையாக இருக்கிற சிப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் உட்கார வைக்கலாம். புது பாஷையும் பேசும், கேட்டால் பழைய பாஷையும் பேசும். ஆனால் அது மட்டும் போதாது. ஜோடி ஒவ்வொரு தடவையும் பழைய மேஸ்திரியைக் கூப்பிடும். அவர் அங்கே இல்லை. கூப்பிடும் குரலைக் கேட்டு, நான்தான் பழைய மேஸ்திரி என்று பதில் சொல்லி, வேலையை டாஸிடம் வாங்கிக் கொடுக்க நடுவில் ஒருவர் வேண்டும். அந்தக் காலத்துக் கும்பெனியில் துபாஷி என்று இருப்பார்களே, அது மாதிரி. அந்தத் துபாஷியை ஆபீஸ் முடிந்து தினமும் உட்கார்ந்து எழுதினேன். நேற்று இங்கே ஜோடி ஓடியது. பாவம், தான் வேறு வீட்டில் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியவில்லை.

சிப் இத்துடன் வருகிறது. ஒரு ஓரத்தில் சின்னப் பள்ளம் இருக்கும். பழைய சிப்பில் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் இருக்க வேண்டும். விஜயகுமாரி மட்டும் தொட வேண்டும். சுத்தியல் தேவைப்படாது.

துபாஷி டிஸ்க் வரவில்லை. கையெழுத்து இல்லாத சர்டிபிகேட்டுக்குத் துபாஷி இல்லாத சிப்.

மனோரமா


ஆம்பூர்
6-3-1987

மனோரமாவுக்கு,

என் வீட்டில் வளர்ந்தவள் என்பது நன்றாகத் தெரிகிறது.

சிப் உட்கார்ந்துவிட்டது. விஜயகுமாரி மூச்சை அடக்கிக்கொண்டு மாட்டினாள். பழைய மெஷின் புதன்கிழமை போய்விட்டது. டிரைவ் சுற்றவே இல்லை. ஹாம்பர்க் ஆள் பதினாறாம் தேதி வருகிறான். நான்கு பேரை உட்கார வைத்துத் தோலைக் கண்ணால் சேர்க்கச் சொல்லிப் பார்த்தேன். நாலு பேருக்கும் நாலு பிரவுன்.

சர்டிபிகேட் இத்துடன். கையெழுத்து, சீல் இரண்டும் இருக்கிறது. நீ கேட்ட வாசகம் ஒரு வார்த்தை குறையாமல் இருக்கிறது. கீழே என் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இவர் எங்கள் கம்பெனியில் ஊழியராக எப்போதும் இருந்ததில்லை, சம்பளம் எதுவும் பெற்றதில்லை." இது பி.எஃப். ஆபீசருக்காக. நீ குறையக் கூடாது என்றுதான் சொன்னாய், கூடக் கூடாது என்று சொல்லவில்லை.

பேப்பரின் மேல் ஓரத்தில் 1147 குத்தியிருக்கிறேன். கையெழுத்தைப் போல இன்னொருவன் போடலாம், சீல் செய்ய மெட்ராஸில் கடை இருக்கிறது. என் குத்தை எவனும் போட முடியாது. நீ அந்த வரியை எடுத்துவிட்டு வேறு டைப் அடித்துக் காட்டினால் மாட்டிக்கொள்வாய்.

துபாஷியை அனுப்பு.

செங்கல்வராயன்


பெங்களூர்
9-3-1987

பூரணி லெதர்ஸ் முதலாளி அவர்களுக்கு,

கூடியிருக்கிற வரியைப் படித்தேன். அதைப் பி.எஃப். ஆபீசருக்காக மட்டும் சேர்க்கவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேசியதை நான் மீறுவதில்லை. துபாஷி டிஸ்க் இத்துடன். முதலில் துபாஷியைக் கூப்பிட்டுவிட்டு ஜோடியைக் கூப்பிட வேண்டும் என்று விஜயகுமாரியிடம் சொல்லுங்கள்.

மனோரமா


ஆம்பூர்
30-3-1987

மனோரமாவுக்கு,

ஓடுகிறது. பழசை விட வேகமாக ஓடுகிறது. ஹாம்பர்க் ஆள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பிரித்தான். இடதையும் வலதையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. ஆர்டர் போன வருஷத்தை விட ஜாஸ்தி. மாதனூர்ப் பெண்களுக்கு இன்னொரு பஸ் விடச் சொல்லியிருக்கிறேன்.

வாணியம்பாடியில் ஷூ கம்பெனி நடத்துகிற ஜியாவுல்லா சாகிப் வேறு வேலையாக வந்தவர், மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் நகரவில்லை. "செங்கல்வராயன், இதை எனக்குக் குடு, நீ சொல்ற ரேட்" என்றார். கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஜோடி பூரணி லெதர்ஸ் சொத்து. துபாஷியும் அதோடு சேர்ந்ததுதான். உனக்குத் தகவலுக்காக எழுதுகிறேன், அனுமதிக்காக இல்லை.

உன் வேலை கிடைத்ததா? கிடைத்திருக்காது. கிடைக்க வேண்டும் என்று நான் அந்த வரியை எழுதவில்லை. அங்கே வேலை கிடைக்காவிட்டால் இங்கே வருவாய் என்று நினைத்தேன். இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் மட்டும் கேட்காதே.

செங்கல்வராயன்


பெங்களூர்
22-6-1987

பூரணி லெதர்ஸ் முதலாளி அவர்களுக்கு,

வேலை கிடைக்கவில்லை. இன்டர்வியூ எடுத்தவர் மேலே இருந்த வாசகத்தைப் படித்துச் சிரித்தார். கீழே இருந்த வரியைப் படித்துவிட்டுப் பேப்பரை என் பக்கம் தள்ளினார். "நீங்க எங்கயுமே வேலை பார்த்ததில்லைன்னு உங்க கம்பெனியே சொல்லுதேம்மா" என்றார். நீங்கள் நினைத்தது நடந்தது. ஒரு வாரம் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

அந்த ஒரு வாரத்தில் பேப்பரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேல் வரி, கீழ் வரி. மேல் வரி, கீழ் வரி. பிறகு எழுந்து ஒரு வக்கீல் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒரே தடவைதான் படித்தார். சம்பளத்துக்கு எழுதியிருந்தால் புரோகிராம் கம்பெனிக்குச் சொந்தம். புரோகிராமையும் இப்போது சட்டம் புத்தகம் மாதிரித்தான் பார்க்கிறதாம். எழுதியது இவள்தான், இவள் எங்கள் ஊழியர் இல்லை, சம்பளமும் கொடுக்கவில்லை என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அது எழுதினவளுக்குச் சொந்தம். "யாரும்மா இவ்வளவு நல்லா எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். எங்கள் சித்தப்பா என்றேன்.

ஏப்ரலில் ஜியாவுல்லா சாகிபுக்கு எழுதினேன். நீங்கள் சொல்கிற ரேட்டில் வாங்க அவர் அட்வான்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வாணியம்பாடிக்கே போனேன். சர்டிபிகேட்டை வாங்கினவர் எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் மேல் ஓரத்தை விரலால் தடவினார்.

"அரே, இது செங்கல்வராயன் குத்தாச்சே!" என்றார்.

"ஆமாம் சாகிப். கையெழுத்து அவரோடதுதானான்னு விசாரிக்கணுமா?"

"இன்னாத்துக்கு? இந்த நம்பர் இருந்தா சரக்கு மாறலைன்னு இருபது வருஷமா நான் தோல் வாங்கறேன். பேப்பருக்கு மட்டும் வேற நியாயமா?"

உங்களிடம் பேசியதைவிடக் கம்மியாகத்தான் கேட்டேன். அவர் மெஷினில் சிப் மாட்டியாகிவிட்டது. ஜோடி அங்கே ஓடுகிறது. பேரணாம்பட்டில் இருந்தும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வாணியம்பாடியில் மாடி அறை ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கூட வேலை செய்ய ஒரு ஆள் வேண்டும். சிப் மாட்டத் தெரிந்த, மெஷினோடு பேசத் தெரிந்த ஆள். அவளுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் டைப் அடித்துவிட்டேன்.

உங்கள் மேஜை மேல் ஓடுகிற ஜோடியை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று வக்கீல் அம்மா சொல்கிறார். நிறுத்த மாட்டேன். மாதனூர்ப் பெண்களுக்காக. உங்களுக்காக என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனோரமா


ஆம்பூர்
3-7-1987

மனோரமாவுக்கு,

உன் கடிதத்தை மெட்ராஸ் வக்கீலிடம் காட்டினேன். ஃபீஸ் வாங்கிக்கொண்டு, நீ சொன்னதையே அவனும் சொன்னான். குத்தாமல் இருந்திருந்தால் இது என் பேப்பரே இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம் என்றான். எழுந்து வந்துவிட்டேன்.

ஜியாவுல்லா பஜாரில் பார்த்து, "தோஸ்த், உன் அண்ணன் மக கெட்டிக்காரி" என்கிறார். என் எதிரில் நின்று பல்லைக் காட்டிச் சொல்கிறார். எனக்கு நீ செய்தது வியாபாரம் என்று புரிகிறது. புரிகிறது என்பதால் பொறுத்துக்கொள்வேன் என்று நினைக்காதே. பேரணாம்பட்டுப் பார்ட்டிகள் இரண்டு பேரும் என்னிடம் தோல் வாங்குகிறவர்கள். அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீயும் பேசு. யார் பேச்சு எடுபடுகிறது என்று பார்க்கலாம்.

நேற்று விஜயகுமாரி கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பினாள். உன் ஆர்டரை மடித்துக் கையில் வைத்திருந்தாள், மறைக்கக்கூட இல்லை. சாயங்காலம் கேட்டில் அவள் முறை வந்ததும் பஞ்சாட்சரம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சார், பையைத் திறக்கச் சொல்லட்டா?"

வேண்டாம் என்று கை காட்டினேன். திறந்து இன்னா ஆகப் போகிறது. போக வேண்டியதை நானே நம்பர் குத்தித் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

செங்கல்வராயன்